பெரியம்மா இரண்டு முறை நிரப்பிய படிவம்

வெப் டெவலப்பராகப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. கேம் விளையாடுவது அதைவிடப் பழைய பழக்கம். ஒன்று வேலை, மற்றது பொழுதுபோக்கு என்று தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அது மாறிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பெரியம்மா ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். நாலு பக்கப் படிவம். எங்கள் குழு செய்தது, அதில் பாதிக்கு மேல் நான் எழுதிய கோட். அதை அவரிடம் சொல்லவில்லை. எப்படிப் போகிறது பார்ப்போம் என்று சும்மா இருந்தேன். போன் ஐந்து வருடப் பழசு, 2 ஜிபி ரேம். பெயர், முகவரி, வங்கி விவரம் எல்லாவற்றையும் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கணக்கு எண்ணைத் தட்டி முடித்ததும், கையிலிருந்த தாளோடு இரண்டு முறை ஒத்துப் பார்த்தார். மூன்றாவது பக்கத்தில் ‘புகைப்படம் எடுக்கவும்’ என்று ஒரு பட்டன். தொட்டார். கேமரா திறந்தது. படம் எடுத்து, சரி என்பதை அழுத்தினார். திரும்பி வந்தால் முதல் பக்கம் நிற்கிறது. எல்லாக் கட்டமும் காலி.

“நான்தான் எதையோ தப்பாத் தொட்டுட்டேன் போல” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.

அவர் எதையும் தப்பாகத் தொடவில்லை. ரேம் குறைவான போனில் கேமராவைத் திறந்தால் அதற்கு இடம் வேண்டும். பின்னால் நிற்கும் பிரவுசரை ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் மூடிவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது பக்கம் புதிதாக லோட் ஆகும். நிரப்பியதையெல்லாம் நாங்கள் ஜாவாஸ்கிரிப்ட் மாறிகளில், அதாவது பக்கம் திறந்திருக்கும் வரை மட்டும் நிற்கும் தற்காலிக நினைவில்தான் வைத்திருந்தோம். பிரவுசர் போனதும் அவையும் போய்விட்டன. என் 16 ஜிபி லேப்டாப்பில், பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸில் திரையை மொபைல் அளவுக்குச் சுருக்கி, அந்தப் படிவத்தை நூறு தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். அந்த வசதி திரையின் அகலத்தைக் காட்டும், விரலால் தொடுவதுபோல் செய்துகாட்டும், நெட் வேகத்தைக்கூடக் குறைத்துக் காட்டும். ரேம் தீர்ந்துபோய்ப் பிரவுசரே மூடப்படுவதை மட்டும் காட்டாது. அதைப் பார்க்க அப்படி ஒரு போன் கையில் இருக்க வேண்டும்.

அன்றிரவு வழக்கம்போல் கேமைத் திறந்தேன். முந்தைய நாள் பாதியில் விட்ட இடம். அதே சுவரோரம், கையில் அதே வில், அம்புகள்கூட எண்ணிக்கை மாறாமல் இருந்தன. சேமிக்கச் சொல்லி நான் எதையும் அழுத்தியதே இல்லை. ஒரு கதவைத் தாண்டும்போது திரையின் மூலையில் சின்னதாக ஒரு சக்கரம் சுழன்று மறையும், அவ்வளவுதான். பொழுதுபோகாமல் நான் விளையாடிய இருபது நிமிடத்தை யாரோ இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பெரியம்மா கண்ணைச் சுருக்கித் தட்டிய இருபது நிமிடத்தை நான் வைத்திருக்கவில்லை. அன்று விளையாட மனசே வரவில்லை. லேப்டாப்பை எடுத்துவிட்டேன்.

கேம் செய்பவர்களுக்கும் இது எடுத்த எடுப்பிலேயே கிடைத்துவிடவில்லை. 1987-இல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் 2 என்ற கேமை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால், 52 எழுத்து வரை நீளும் ஒரு கடவுச்சொல்லைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் போச்சு. அதே வருடம் அமெரிக்காவில் வெளியான ஜெல்டா என்ற கேமின் கேட்ரிட்ஜுக்குள் (கருவியில் செருகும் கேம் பெட்டி) ஒரு சின்ன பேட்டரியை வைத்தார்கள். கேட்ரிட்ஜைக் கழற்றினாலும் நினைவகத்தில் இருப்பது அழியாமல் அந்தப் பேட்டரி பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு கேட்ரிட்ஜுக்கும் கூடுதல் செலவு, இருந்தும் செய்தார்கள். நமக்கு அதே வசதி ஒவ்வொரு பிரவுசரிலும் காசில்லாமல் கிடக்கிறது.

நாங்கள் மாற்றியது பெரிய வேலை ஒன்றுமில்லை. ஒரு கட்டத்தை முடித்து அடுத்ததற்குப் போனவுடனே அதில் இருப்பது இண்டெக்ஸ்டு டிபிக்குள், அதாவது போனிலேயே பிரவுசர் வைத்திருக்கும் சேமிப்பிடத்துக்குள் போய்விடும். பக்கம் மூடப்படும்போது சேமித்துக்கொள்ளலாம் என்று பிஃபோர்அன்லோட் என்ற பிரவுசர் அறிவிப்பை நம்பினால் மொபைலில் அது பல நேரம் வரவே வராது. பக்கம் மறையும்போது வரும் விசிபிலிட்டிசேஞ்ச் என்ற அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும். படத்துக்குத் தனி கேமரா ஆப்பைத் திறப்பதை விட்டுவிட்டு, பக்கத்துக்குள்ளேயே கேமராவைக் காட்டினோம். ஏழு நாள் அந்தத் தளத்தின் பக்கமே போகாவிட்டால் ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி இப்படிச் சேமித்ததை அழித்துவிடும், 2020-இலிருந்து அப்படித்தான். அதனால் உள்நுழைந்தவர்களுக்கு சர்வரிலும் ஒரு வரைவு. கடவுச்சொல்லும் கார்டு எண்ணும் எங்கேயும் சேராது. வீட்டில் நாலு பேர் ஒரே போனைப் பயன்படுத்துவார்கள் என்பதால் ‘நிரப்பியதை அழி’ என்று ஒரு பட்டனும் வைத்தோம்.

கேஜெட் விஷயத்திலும் என் கருத்து அதோடு மாறிவிட்டது. முன்பெல்லாம் புதுப் போன் வந்தால் முதல் வாரமே வாங்கிவிடுவேன். இப்போது என் மேசையில் இருப்பதிலேயே அதிகம் உழைப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு 2 ஜிபி போன். எது வெளியே போனாலும் முதலில் அதில் ஓட வேண்டும். வினாடிக்கு 120 தடவை படம் மாறும் 120 ஹெர்ட்ஸ் திரை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, 16.7 மில்லி வினாடி என்பது இதில் 8.3 ஆகும்போது கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் அந்தத் திரையில் வழுக்கிக்கொண்டு ஓடும் பக்கம் பழைய போனில் எப்படித் திணறும் என்பது புதுப் போன் வைத்திருப்பவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

கேம் பாய் என்ற நின்டெண்டோவின் கையடக்க கேம் கருவியை உருவாக்கிய குன்பெய் யோகோய் சொன்ன ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். விலை மலிந்து, குணமெல்லாம் தெரிந்துபோன பழைய தொழில்நுட்பத்தை எடுத்து, அதைப் புது விதமாகப் பயன்படுத்து என்பார். 1989-இல் கேம் பாய் வந்தபோது அதில் வண்ணத் திரை இல்லை, நாலு பேட்டரி போதும். வண்ணத் திரையோடு போட்டிக்கு வந்த கேம் கியருக்கு ஆறு பேட்டரி, அதுவும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கடைசியில் உலகமெல்லாம் கையில் வைத்திருந்தது கேம் பாயைத்தான். வெப்பின் பழைய, எளிய தொழில்நுட்பமான சாதாரண எச்.டி.எம்.எல். படிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

* * *

நான் டெஸ்டிங்கில் இருப்பவள். உங்கள் பெரியம்மா சொன்ன அதே வார்த்தையை எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆப்பைச் சோதித்துப் பார்க்க வந்த ஒரு பெரியவர் ‘பணம் செலுத்து’ என்பதை அழுத்தினார். பட்டன் அமுங்கியதற்கு ஓர் அடையாளமும் இல்லை. நிறம் மாறவில்லை, எதுவும் சுழலவில்லை. நெட் மெதுவாக இருந்ததால் நாலு வினாடி அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினார். அப்புறம் கொஞ்சம் பலமாக ஒரு தடவை. மூன்று ஆர்டர் போய்விட்டது. “ஐயோ, நான் அவசரப்பட்டுட்டேன்மா” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

எழுதிய டெவலப்பரிடம் போய்ச் சொன்னால், “ஒரு தடவை அழுத்தினா போதுமே” என்கிறார். சரி, வாங்க என்று பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தாவிக் குதிக்கும் கேமைப் போட்டுக் காட்டினேன். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்கு வந்த பிறகும் சில ஃப்ரேம் வரை குதிக்க விடுவார்கள். கயோட்டி டைம் என்று பெயர். தரையைத் தொடும் முன்பே பட்டனை அழுத்திவிட்டால், அதை ஞாபகம் வைத்திருந்து கால் பட்டதும் குதிக்கவைப்பார்கள். மனித விரல் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும் என்று தெரிந்து எழுதிய கோட் அது. விளையாடுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நம் கை நன்றாக ஓடுகிறது என்றுதான் நினைத்துக்கொள்வார்.

பதில் 0.1 வினாடிக்குள் வந்தால்தான் உடனே நடந்ததுபோல் இருக்கும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிவிட்டார். கூகுள் 2024 மார்ச்சில் ஐ.என்.பி. என்ற அளவையை, இணையப் பக்கத்தின் தரத்தைக் காட்டும் முக்கிய அளவைகளில் ஒன்றாகச் சேர்த்தது. தொட்டதிலிருந்து திரை மாறுவதற்கு 200 மில்லி வினாடிக்குள் இருந்தால் நல்லது என்பது அதன் கணக்கு. எங்கள் ஆப்பில் இப்போது விரல் பட்டவுடனே பட்டன் மாறிவிடும். ஒவ்வொரு ஆர்டரோடும் ஓர் அடையாள எண் போகும். அதே எண் பத்து தடவை வந்தாலும் சர்வர் ஒரே ஆர்டராகத்தான் எடுத்துக்கொள்ளும்.

* * *

நான் வேறொரு டெவலப்பர். லோடிங் பற்றி ஒன்று. ஜிடிஏ ஆன்லைன் என்ற கேம் திறக்க ஆறு நிமிடம் ஆகிறதே என்று பொறுக்க முடியாமல் 2021-இல் ஒருவர் உள்ளே புகுந்து பார்த்தார். மூல நிரல் கையில் இல்லாமலே. 10 எம்பி அளவில் ஒரு ஜேசன் கோப்பு (தகவல்களை உரையாக அடுக்கி வைக்கும் கோப்பு), அதில் சுமார் 63,000 பொருட்கள். ஒவ்வொரு மதிப்பையும் படிக்கும்போது மிச்சமிருக்கும் மொத்த உரையின் நீளத்தையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டையும் சரிசெய்ததும் அவர் கணினியில் லோடிங் நேரம் 70 சதவீதம் போலக் குறைந்தது. நிறுவனமும் ஒப்புக்கொண்டு கேமைத் திருத்தி, அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது.

அதைப் படித்த மறுநாள் எங்கள் கோடைத் திறந்தேன். ஒரு தேடல் பட்டியலில் லூப்புக்குள்ளே இன்க்ளூட்ஸ், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாக ஒப்பிடும் கட்டளை. அதே தப்பு! நான்தான் எழுதியது, ஐம்பது வரிசையை வைத்துச் சோதித்துவிட்டு விட்டிருந்தேன். நிஜத்தில் பயனர்களுக்கு எட்டாயிரம் வந்துகொண்டிருந்தது. அதை, ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் நேராகத் தேடித் தரும் செட்டாக மாற்ற இரண்டு வரிதான் ஆனது. அத்தனை நாள் எத்தனை பேர் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

* * *

எல்லோரும் கேமைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்கிறீர்கள். எனக்கு ஒரு பயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். எங்கள் இடத்தில் கேமிலிருந்து எடுத்து வந்தது சேமிப்பையோ கயோட்டி டைமையோ இல்லை. தினம் வந்தால் புள்ளி, ஒருநாள் விட்டால் எல்லாம் பூஜ்யம், சுழற்றிப் பார் என்று ஒரு சக்கரம், கீழே ஓடும் கவுண்ட்டவுன். காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதே சரக்கு இன்று கேமே இல்லாத ஆப்களிலும் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தை நான் எழுத மாட்டேன் என்றேன். வேறொருவர் எழுதினார். கேமிலிருந்து எடுப்பதாக இருந்தால் எதை எடுக்கிறோம் என்று பார்த்து எடுங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். நீங்கள் சொன்னது சரி. எங்கள் படிவத்திலேயே ஒரு கவுண்ட்டவுன் இருந்தது. ‘இன்னும் 10 நிமிடத்தில் முடிக்கவும்’ என்று சிவப்பில் ஓடும். பாதுகாப்புக்காக என்றார்கள். நிரப்பியது பத்திரமாக இருக்கிறது என்று ஆனபிறகு அவசரப்படுத்த அவசியமில்லை என்று பேசி எடுத்துவிட்டோம். நேரமானால் மறுபடி உள்நுழையச் சொல்லும், நிரப்பியது அப்படியே இருக்கும்.

அதோடு வாசகங்களையும் மாற்றினேன். ‘தவறான உள்ளீடு’ என்று பதினோரு இடத்தில் இருந்தது. பெரியம்மா அதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும். இப்போது ‘கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று, எது வேண்டுமோ அதை மட்டும் சொல்கிறது.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது, ஓடிபி. குறுஞ்செய்தியைப் பார்க்கப் பெரியம்மா பிரவுசரை விட்டு வெளியே போகிறார், ஆறு எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வருகிறார். அதற்குள் பிரவுசர் மறுபடி லோட் ஆனால், ஓடிபி கேட்கும் இடம் தொலைந்துவிடுகிறது. குறுஞ்செய்தியிலிருந்து எண்ணைப் பிரவுசரே எடுத்துக் கொடுக்கும் வெப் ஓடிபி, ஆண்ட்ராய்டு குரோமில் 2020-இலிருந்து இருக்கிறது. அதற்கு நாம் அனுப்பும் குறுஞ்செய்தியின் கடைசி வரியில் தளத்தின் முகவரியும் எண்ணும் குறிப்பிட்ட வடிவத்தில் இருக்க வேண்டும். அந்த வாசகத்தை மாற்ற அனுமதி கேட்டிருக்கிறேன். வந்ததும் முதலில் பெரியம்மாவின் போனில்தான் பார்க்கப்போகிறேன்.