கபடிப் போட்டியை நேரலையில் காட்ட எந்தத் தளம் பொருத்தமானது?

தாரமங்கலம் கபடிக் குழு:
அனைவருக்கும் வணக்கம். பொங்கலையொட்டி எங்கள் ஊரில் இரவுநேரக் கபடிப் போட்டி நடத்தி வருகிறோம். திருப்பூரிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சென்ற முறை ஒரு தளத்தில் நேரலையும் செய்தோம். அரையிறுதியில் இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்த வேளையில், மைக் செட்டில் ஓடிய சினிமாப் பாட்டுக்குக் காப்புரிமை இருப்பதாகக் கூறி ஒளிபரப்பைத் துண்டித்துவிட்டார்கள். கடைசியாகப் பாடிப் போன எங்கள் பையன் மூன்று பேரைத் தொட்டு, நடுக்கோட்டில் விரல் படும்படி பாய்ந்து விழுந்து ஜெயித்தான்; மஸ்கட்டில் இருக்கும் அவனுடைய அண்ணன் அதை இன்றுவரை பார்க்கவில்லை. டெய்லிமோஷன், விமியோ, பியர்டியூப் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எங்களிடம் ஒரு மடிக்கணினியும் இரண்டு கைபேசிகளும் மட்டுமே உள்ளன. எந்தத் தளத்துக்கு மாறலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு வீடியோகாரர்:
தம்பி, தளத்தை மாற்றுவதற்கு முன் ஒலியை மாற்றுங்கள். பாட்டைக் கண்டுபிடிக்கும் தானியங்கி முறை பெரிய தளங்கள் பலவற்றில் இருப்பதால், எங்கே போனாலும் இதே தொல்லை பின்னாலேயே வரும். கேமராவின் மைக்கை அணைத்துவிட்டு, வர்ணனையாளர் பேசும் மைக்கிலிருந்து மட்டும் ஒரு வயரை இழுத்து மடிக்கணினியில் கொடுங்கள்; ஆட்டம் நடக்கும்போது பாட்டுப் போட வேண்டாம் என்று மைக் செட்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விமியோவில் நேரலை செய்யப் பணம் கட்ட வேண்டும். உங்கள் அளவுக்கு அது வீண் செலவு. ஃபேஸ்புக்கில் கணக்குத் தொடங்கி 60 நாட்கள் ஆகியிருக்க வேண்டும், 100 பேராவது பின்தொடர வேண்டும். 2025 பிப்ரவரி முதல் அங்கு நேரலைப் பதிவுகள் 30 நாட்களில் நீக்கப்படுகின்றன. யூடியூபின் கைபேசிச் செயலி வழியாக நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் தேவை என்றாலும், மடிக்கணினியில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் வழியாக அனுப்பினால் அந்த நிபந்தனை இல்லை. ஆனால், முதன்முறை நேரலை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் அதைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். 12 மணி நேரத்தைத் தாண்டிய நேரலையை யூடியூப் பதிவாகச் சேமிப்பதில்லை. ஆகவே, விடிய விடிய நடக்கும் போட்டியைச் சுற்றுக்கு ஒரு நேரலையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பைத் தொட்டவுடன் படம் ஓட வேண்டும். புதிய செயலியை இறக்கிப் பார்க்கும் பொறுமை வேலை முடித்துக் களைத்து வருபவர்களுக்கு இருக்காது.

ஏற்காடு வாலிபால்:
பியர்டியூபை நாங்கள் முயன்று பார்த்திருக்கிறோம். பிரான்சில் ஃப்ராமாசாஃப்ட் என்ற அமைப்பு உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது; நம் சொந்த சர்வரில் நிறுவி நாமே ஒரு வீடியோத் தளம் நடத்தலாம். 2021இல் நேரலை வசதியும் வந்தது. விளம்பரம் கிடையாது, பார்ப்பவர்களின் உலாவிகளே காட்சியின் துண்டுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதால் சர்வரின் சுமை குறைகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. ஆனால் சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் குழுவில் இல்லாவிட்டால் அதில் இறங்காதீர்கள்.

மலையில் எங்களை அதிகம் வாட்டுவது பதிவேற்ற வேகம்தான். 720பி தரத்துக்கு நொடிக்குச் சுமார் 4 மெகாபிட் தடையின்றிப் போக வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி டேட்டா செலவாகும். பகலில் ஆளில்லாத மைதானத்தில் நன்றாக வரும் சிக்னல், ஆயிரம் பேர் கைபேசியோடு கூடியதும் படுத்துவிடும். பக்கத்து வீட்டு ஃபைபர் இணைப்பிலிருந்து கேபிள் இழுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் இரண்டு நிறுவனங்களின் சிம்களைக் கையில் வைத்துக்கொண்டு, தரத்தை 480பிக்குக் குறைத்துவிடுங்கள். தெளிவாக வந்து நின்று நின்று ஓடும் படத்தைவிடச் சற்று மங்கலாகத் தொடர்ந்து ஓடும் படமே பார்ப்பவர்களுக்கு வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியை, ஓமலூர்:
மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நேரலை செய்யும்போதே ஓபிஎஸ்ஸில் பதிவையும் ஓடவிடுங்கள். நேரலை அறுந்தாலும் உங்கள் மடிக்கணினியில் ஆட்டம் முழுவதும் இருக்கும். அதைப் பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக ஏற்றி வைக்கலாம். நேரலைக்கு ஒரு தளமும் பாதுகாத்து வைக்க வேறொரு தளமும் இருப்பதே முறை. டென்னிஸ் பந்தில் தொடங்கிய சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் இந்திய அணிக்காகப் பந்து வீசினார். நாளைக்கு எந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாது. இன்றைய ஆட்டத்தின் பதிவு அன்றைக்கு வேண்டியிருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதாக இருந்தால், பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலை வாங்குங்கள். பெண்கள் ஆட்டத்துக்குக் கருத்துப் பகுதியைக் கட்டாயம் மூடிவிடுங்கள். அங்கே எழுதப்படுவதை என் மாணவிகள் படித்துவிட்டு மறுநாள் பயிற்சிக்கு வராமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் தனியாக நேரலை செய்ய யூடியூப் 2025 ஜூலையிலிருந்து அனுமதிப்பதில்லை. ஆகவே கணக்கைப் பெரியவர் ஒருவர் பெயரில் தொடங்குங்கள்.

தாரமங்கலம் கபடிக் குழு:
மூவருக்கும் மிக்க நன்றி. யூடியூபிலேயே நேரலை செய்து, பதிவை ஆர்க்கைவில் சேர்க்க முடிவு செய்திருக்கிறோம். மைதானத்தை ஒட்டிய மளிகைக் கடைக்காரர் தம் ஃபைபர் இணைப்பைத் தர ஒப்புக்கொண்டார்; ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு விளக்குகளைப் போட்டு ஒரு பயிற்சி ஆட்டத்தை அனுப்பிப் பார்க்கப் போகிறோம். அதைப் பார்த்துச் சொல்ல மஸ்கட் அண்ணனை இப்போதே கேட்டு வைத்திருக்கிறோம்.