வியாழன் நிறை 318 மடங்கு, எடை மட்டும் ஏன் இரண்டரை மடங்கு?

பாளை பத்தாம் வகுப்பு:
வியாழனின் நிறை பூமியைப் போல 318 மடங்கு. ஆனால் அங்கே எடை இரண்டரை மடங்குதான் என்று போட்டிருக்கு. புதனைவிடச் செவ்வாய்க்கு நிறை இரு மடங்கு, ரெண்டிலும் எடை ஒரே மாதிரி. கணக்கு எங்கே இடிக்குது அண்ணாச்சி?

வள்ளியூர் இயற்பியல்:
ஆரத்தை விட்டுட்டீங்க தம்பி. நிறை என்பது பொருளின் அளவு, எடை என்பது அதைக் கோள் இழுக்கிற விசை. கோளின் மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக, இழுவிசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். பூமியை 1 என்று வைத்து, நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் வகுங்க. வியாழன் ஆரம் 11.2, வர்க்கம் 125. 318-ஐ வகுத்தால் 2.5. அதுவும் மேக உச்சியில்தான். கால் ஊன்ற அங்கே தரை கிடையாது. புதனுக்கு நிறை 0.055, ஆரம் 0.383. செவ்வாய்க்கு 0.107, 0.532. போட்டுப் பாருங்க, ரெண்டுக்கும் 0.38 வரும். புதனின் இரும்புக் கரு பெரிசு, அதனால் சின்ன உருவத்துக்குள் அடர்த்தி அதிகம்.

டவுன் தராசு:
எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்பதும் முக்கியம். ரெண்டு தட்டுத் தராசில் ஒரு கிலோ படிக்கல்லும் ஒரு கிலோ அரிசியும் நிலாவிலும் சமமாகத்தான் நிற்கும். ரெண்டும் ஒரே விகிதத்தில் லேசாகும். சுருள்வில் தராசுதான் 165 கிராம் காட்டும். எலெக்ட்ரானிக் தராசும் அந்த ரகமே, தட்டுக்கு அடியில் இருக்கும் லோடு செல் என்ற உலோகத் துண்டு எவ்வளவு வளைகிறது என்றே அளக்கிறது. இதைப் பார்க்க நிலா வரை போக வேண்டாம். ஈர்ப்பு முடுக்கம் (மீ/வி² அலகில்) டெல்லியில் சுமார் 9.791, திருநெல்வேலியில் 9.781. அங்கே சரிபார்த்த தராசை இங்கே அப்படியே வைத்தால் கிலோவுக்கு ஒரு கிராம் குறைத்துக் காட்டும். காய்கறிக் கடைக்குப் பாதகமில்லை. நகைக்கடையில் நூறு கிராமுக்கு 100 மில்லிகிராம் போகும். தராசு வந்து இறங்கியதும் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்து இங்கேயே கேலிப்ரேஷன் (அளவுத் திருத்தம்) செய்யணும். டேர் பட்டன் பூஜ்யத்தை மட்டும்தான் சரிசெய்யும், இந்தப் பிழை போகாது.

பாளை பத்தாம் வகுப்பு:
மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் சோதிக்கிற ராக்கெட் எஞ்சின்களுக்கு உந்துவிசையை நியூட்டனில் சொல்கிறார்களே. சந்திரயான்-3 தரையிறங்கு கலத்தை நிலாவில் தாங்க எவ்வளவு வேண்டும்?

வள்ளியூர் இயற்பியல்:
எரிபொருளோடு கலம் சுமார் 1,750 கிலோ. அதை நிலாவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62-ஆல் பெருக்கினால் எடை 2,835 நியூட்டன். 800 நியூட்டன் எஞ்சின் நாலு, ஆக 3,200, தாங்கும். பூமியில் அதே கலத்தின் எடை 17,100 நியூட்டன். நாலும் முழுசாக எரிந்தாலும் எழும்பாது. ஆனால் ஒன்று கவனிங்க: நொடிக்கு 1.7 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கலத்தை நிறுத்துவதற்கு எடை கணக்கில் வராது, நிறைதான் வரும். அந்த இடத்தில் நிலா ஈர்ப்பு என்று ஆறில் ஒன்று போட்டால் எரிபொருள் கணக்கு தப்பிவிடும்.