வயலட் ஜெஸ்ஸப் மறுபடியும் கப்பலேறியது ஏன்?

மதுரை வாசகி:
ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகள், பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு, டைட்டானிக்கில் பணிப்பெண்ணாக இருந்த வயலட் ஜெஸ்ஸப்பின் வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். "மூன்று கப்பல்கள் மூழ்கியும் சாகாத அதிர்ஷ்டசாலி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அப்படியே ஒப்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றுமே மூழ்கினவா? டைட்டானிக்கில் பிழைத்தவர் மறுபடியும் கப்பல் வேலைக்கே ஏன் போனார்?

திருமங்கலத்தார்:
மூழ்கியவை டைட்டானிக், பிரிட்டானிக் ஆகிய இரண்டுதான், சகோதரி. 1911 செப்டம்பர் 20 அன்று வயலட் பணியில் இருந்தபோது ஹாக் என்ற போர்க்கப்பல் மோதிய ஒலிம்பிக் கப்பல், சேதத்தோடு துறைமுகம் திரும்பி, பழுதுபார்க்கப்பட்டு, 1935 வரை ஓடியது. டைட்டானிக்கில் பணிப்பெண்ணாக இருந்த அவர் 16ஆம் எண் படகில் இறக்கப்பட்டபோது, அதிகாரி ஒருவர் யாருடைய குழந்தை என்றே தெரியாத ஒரு கைக்குழந்தையை அவரிடம் கொடுத்தார். காப்பாற்ற வந்த கார்பேத்தியா கப்பலில் ஒரு பெண் ஓடிவந்து, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

மேலூர் ஆசிரியர்:
பிரிட்டானிக்கை விட்டுவிட வேண்டாம். முதல் உலகப் போரில் மருத்துவக் கப்பலாக இருந்த அது, 1916 நவம்பர் 21 அன்று கிரேக்கத்தின் கியா தீவருகே கண்ணிவெடியில் சிக்கி 55 நிமிடங்களில் மூழ்கியது. கரைதட்டச் செய்யும் நோக்கில் கப்பல் ஓடிக்கொண்டிருந்தபோதே இறக்கிய படகுகள் சில, சுழன்றுகொண்டிருந்த உந்துவிசிறியில் சிக்கிச் சிதறின. இறந்த 30 பேரில் பெரும்பாலோர் அப்படி மாண்டவர்களே. அதில் பணியாற்றிய வயலட், படகிலிருந்து குதித்தபோது கப்பலின் அடிக்கட்டையில் தலை மோதியது. பல ஆண்டுகளுக்குப் பின் தலைவலிக்காகப் பார்த்த மருத்துவர்தான் மண்டையோட்டில் பழைய முறிவு இருப்பதைக் கண்டுபிடித்தார். டைட்டானிக்கிற்குப் பின் பல் துலக்கும் பிரஷ் இல்லாமல் தவித்த நினைவில், இந்த முறை அதை மறக்காமல் எடுத்துக்கொண்டாராம்! மாணவியர் கூட்டத்தில் இது நன்றாக எடுபடும்.

உசிலம்பட்டி வாசகர்:
ஏன் திரும்பினார் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அர்ஜென்டினாவில் 1887இல் பிறந்த அவர் வீட்டுக்கு மூத்த பெண். தந்தை இறந்தபின் இங்கிலாந்து வந்து, தாய் கப்பலில் பணிப்பெண்ணாக உழைத்து நோயில் விழவே, 1908இல் இவரும் அதே வேலைக்குப் போனார். டைட்டானிக் மூழ்கிய நேரத்தோடு ஊழியர்களின் சம்பளமும் நின்றது. தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் மூத்தவள் அச்சத்தைக் காரணம் காட்டி உட்கார்ந்துவிட முடியாது என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்காமலே புரியும். அதனால் அதிர்ஷ்டத்தைவிட அவருடைய உழைப்பைப் பற்றியே அதிகம் பேசச் சொல்லுங்கள். 1950 வரை கடலில் உழைத்து ஓய்வுபெற்று, 1971இல் இதயம் செயலிழந்து இறந்தார்.