என்.எஸ்.எஸ் முகாமில் நட்ட கன்றுகள் கருகிவிட்டன, இந்த முறை என்ன வேலை எடுக்கலாம்?

சிவகங்கைச் சீமை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கிறேன். எங்கள் என்.எஸ்.எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) அணிக்கு இந்த வருடம் மாணவர் தலைவி நான்தான். புரட்டாசிக் கடைசியில் ஏழு நாள் சிறப்பு முகாம், 50 பேர் போகிறோம், போன தடவை போன அதே தத்துக் கிராமம். என்ன வேலை என்று நீங்களே முடிவு செய்யுங்கள், அனுமதிக் கடிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று திட்ட அலுவலர் சார் சொல்லிவிட்டார்.

போன முகாம் மாசியில் நடந்தது. ரோட்டோரத்திலும் கண்மாய்க்கரையிலுமாக 200 கன்று நட்டோம், வேம்பு, புங்கன், நாவல். தரை கல்லாக இருந்தது, கடப்பாரை போட்டுத்தான் குழி எடுத்தோம், இரண்டாம் நாளே பாதிப் பேருக்குக் கை கொப்புளம். ஆனால் சந்தோஷமாகத்தான் செய்தோம். சித்திரையில் அந்த வழியாகப் பஸ்ஸில் போனபோது மனசு கேட்காமல் இறங்கிப் பார்த்தேன். ரோட்டோரத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தேன், நாற்றங்கால் கறுப்புக் கவரோடு அப்படியே கையில் வந்துவிட்டது. கவரைக் கிழிக்காமலே யாரோ நட்டிருக்கிறோம். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "நீங்க பாட்டுக்கு வச்சுட்டுப் போயிட்டீக, கோடையில யாரு தண்ணி ஊத்துறது? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ல" என்றது. அதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இந்த முறை சிலர் சீமைக் கருவேலம் வெட்டலாம் என்கிறார்கள், சிலர் பிளாஸ்டிக் பொறுக்கலாம், ஊர்வலம் போகலாம் என்கிறார்கள். நாங்கள் திரும்பி வந்த பிறகும் நிற்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும். முகாம் நடத்தியவர்கள், கிராமத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கண்மாய்வாசி எழுதியது:

தங்கச்சி, நானும் உங்கள் மாவட்டம்தான், விவசாயம். மாசியில் கன்று வைத்தால் எங்கள் தோட்டத்திலேயே பிழைக்காது, தினமும் குடம் தூக்க ஆள் இருந்தால் தவிர. இந்த முறை புரட்டாசி என்பதே உங்களுக்குப் பாதி பலம். ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் பக்கம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, வரத்துக்கால், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டு வருகிற வாய்க்காலைச் சுத்தம் பண்ணுவது. கண்மாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் பக்கத்துப் பள்ளத்தில் தேங்கி நின்றுவிடும், கண்மாய் பாதிகூடப் பெருகாது. அதற்கு ஜே.சி.பி வேண்டும் என்று நினைக்காதீர்கள். பல இடத்தில் ஒரு முள்ளுப் புதரும், அதில் சிக்கிய பாலிதீன் பையும், அதன்மேல் படிந்த மண்ணும்தான் அடைப்பு. மம்பட்டியும் இரும்புச் சட்டியும் இருந்தால் 50 பேர் ஏழு நாளில் நன்றாகவே செய்யலாம்.

போவதற்கு முன்னால் மடை திறக்கிற ஆளைத் தேடிப் பிடியுங்கள். நீர்பாய்ச்சி என்பார்கள், சில ஊரில் மடையன் என்றும் சொல்வார்கள். எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, எந்த இடத்தில் கரை உடையும் என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அவரோடு ஒருநாள் வரத்துக்கால் முழுக்க நடந்து பாருங்கள்.

சீமைக் கருவேலத்தில் அவசரப்பட வேண்டாம். மட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கு நாலு கிளையாக வெடித்து வரும், தூரோடு தோண்டினால்தான் போகும், அது உங்கள் கையால் ஆகிற வேலை இல்லை. கரையில் நிற்பதைத் தோண்டினால் கரையும் இளகும். அதுபோக கண்மாய் மரம் ஏலத்துக்குப் போகிற மரம், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. கேட்காமல் வெட்டினால் ஊரே உங்கள்மேல் கோபப்படும். வரத்துக்காலுக்குள் முளைத்த சின்னக் கன்றுகளை மட்டும் வேரோடு பிடுங்குங்கள், அது போதும்.

இன்னொன்று, நூறு நாள் வேலையில் அதே வரத்துக்கால் இருக்கிறதா என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுவிடுங்கள். அந்த வேலைக்குப் போகிற பெண்கள் கூலிக்குச் செய்யப்போகிறதை நீங்கள் சும்மா செய்துவிட்டு வருவது அந்தப் பெண்களுக்குச் செய்கிற உதவி ஆகாது.

பனங்காடு எழுதியது:

மரம்தான் வைக்க வேண்டும் என்றால் பனை வையுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 2023-இல் தமிழ்நாடு அரசு கடலோர மாவட்டங்களில் ஒரு கோடி பனை விதை என்று ஆரம்பித்தபோது என்.எஸ்.எஸ் பிள்ளைகள்தான் நிறைய இடத்தில் கொட்டை பொறுக்கி நட்டார்கள், நானும் ஒரு குழுவோடு போனேன்.

பனையிடம் எனக்குப் பிடித்ததே அது முளைக்கிற விதம். மற்ற விதைபோல உடனே மேலே தலை நீட்டாது. கொட்டையிலிருந்து தண்டு மாதிரி ஒன்று முதலில் நேராகப் பூமிக்குள் இறங்கும், உள்ளே போய்க் கிழங்கு கட்டும், அப்புறம்தான் ஒற்றை ஓலை வெளியே வரும். ஈரத்தைத் தேடி முதலிலேயே கீழே போய்விடுவதால் குடம் தூக்க வேண்டியதில்லை. ஆனால் அதனாலேயே மேலே மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது, மாணவர்கள் செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். தோண்டிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.

ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். ஒரு அடி ஆழத்தில் போட்டு மண்ணை மூடுங்கள், கொட்டைக்குக் கொட்டை எட்டுப் பத்தடி விடுங்கள். கரையின் வெளிப்பக்கச் சரிவில், வண்டித் தடத்தை விட்டுத் தள்ளி. மடைக்கும், மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்குக்கும் பக்கத்தில் வேண்டாம். நுங்கு தர 12, 15 வருடம் ஆகும், அதற்குமுன் வடலியாக, அதாவது இளம்பனையாக நிற்கும்போது தீ வைத்துவிடாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. கோடையில் கரைப் புல்லுக்கு நெருப்பு வைக்கிற பழக்கம் அந்த ஊரில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கிழங்குக்குப் பாத்தி போடுகிறவர்கள் இருந்தால் அவர்கள் பொறுக்குகிற மரத்தடிக்கும் போக வேண்டாம்.

அலையோரம் எழுதியது:

கிராமத்து வேலை எனக்குத் தெரியாது, நான் சென்னை. ஆனால் கேள்வியில் ‘நாங்கள் திரும்பி வந்த பிறகும்’ என்ற இடம் மனதில் தைத்தது, அதனால் எழுதுகிறேன். இங்கே ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்று கடலாமைகளைக் காக்க மாணவர்கள் நடத்துகிற அமைப்பு 1988-லிருந்து இருக்கிறது. கல்லூரி நாட்களில் மூன்று சீசன் அவர்களோடு நடந்தேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ராத்திரி ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் ஏழு கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். பங்குனி ஆமை முட்டையிடக் கரை ஏறி இறங்கிய தடம் டிராக்டர் போனதுபோல இருக்கும். அது முடிகிற இடத்தில் ஒரு குச்சியை மெதுவாக ஊன்றிப் பார்ப்போம், மணல் சட்டென்று இளகினால் அங்கே குழி. கையை உள்ளே விட்டால் ஈரமான, பிங்பாங் பந்து மாதிரி முட்டைகள், நூறு வரை, சில சமயம் அதற்கு மேலும். புரட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்து, அந்தக் குழியின் மணலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடம் மாதிரி வடிவத்தில் குழி தோண்டி வைப்போம். 45 நாளுக்கு மேல் காத்திருந்தால் குஞ்சு வரும்.

குழி அளவு, முட்டை எண்ணிக்கை, தேதி, எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். இறந்து ஒதுங்குகிற ஆமையையும் எழுத வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, எத்தனை என்று சொல்ல முடிந்ததற்குக் கரையில் நடந்து எண்ணியவர்கள்தான் காரணம். எனக்குக் குச்சி ஊன்றக் கற்றுக்கொடுத்த அண்ணன் அடுத்த வருடம் வேலைக்குப் போய்விட்டார், நான் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்தேன். நீங்களும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை இப்போதே கூட வைத்துக்கொள்ளுங்கள், நோட்டு அவர்கள் கையில் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

பதினோரு வருடம் திட்ட அலுவலராக இருந்தவன். அம்மா, ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏழு நாள் முகாம் தனி, அதுபோக ஒவ்வொரு தன்னார்வலருக்கும் இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை இருக்கிறது. அந்த மணி நேரத்தைப் பெரும்பாலும் கல்லூரி வளாகத்தில் கூட்டிப் பெருக்கியும் விழாவில் நாற்காலி போட்டும் தீர்த்துவிடுகிறோம். அதில் மாதம் ஒரு சனிக்கிழமையை அந்த ஊருக்கு ஒதுக்கும்படி உங்கள் சாரிடம் கேளுங்கள், பஸ் கட்டணம் மட்டும்தான் செலவு.

கண்மாய் யாருடையது என்று முதலில் பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறுகிற நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். கடிதம் தவறான மேசைக்குப் போனால் முகாம் முடிந்த பிறகுதான் பதில் வரும். எனக்கு நடந்திருக்கிறது. அப்புறம் முள்ளுக்குள் இறங்குகிற எல்லோருக்கும் ஷூ கட்டாயம், செருப்போடு யாரையும் விடாதீர்கள். புதருக்குள் கையை விடாமல் முதலில் கம்பால் தட்டச் சொல்லுங்கள், கட்டுவிரியன் இருக்கும். பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

சிவகங்கைச் சீமை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர், முதலாம் ஆண்டு இரண்டு பேரையும் சேர்த்து, ஊருக்குப் போனோம். முதலில் அந்த அப்பத்தாவைத்தான் தேடினோம். அதுவே நீர்பாய்ச்சி தாத்தா வீட்டுக்குக் கூட்டிப் போனது. அவரோடு காலை ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்து வரத்துக்கால் முழுக்கப் பார்த்தோம். ரோட்டுக்கு அடியில் போகிற குழாய்ப் பாலத்தில்தான் பெரிய அடைப்பு, குனிந்து டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் வெளிச்சமே தெரியவில்லை. இரண்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். போன முகாமில் அந்தப் பாலத்தின் மேலேதான் நாங்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்தோம்.

ஊராட்சிச் செயலரிடம் கேட்டுவிட்டோம், நூறு நாள் வேலைப் பட்டியலில் அந்த இடம் இல்லை. கண்மாய் ஒன்றியத்தோடது, கடிதம் இன்று சார் கொடுக்கிறார். கரையில் புல்லுக்குத் தீ வைப்பது உண்டாம், அதனால் பனை எங்கே போடலாம் என்று தாத்தாவே இடம் காட்டுகிறேன் என்றார். கறுப்புக் கவரோடு நின்ற வேம்பு ஒன்று மட்டும் கரையில் எப்படியோ தளிர்த்திருந்தது, சுற்றி யாரோ முள் வைத்து அடைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மண்ணைத் தோண்டி, வேர் அறுந்துவிடாமல் கவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்து எடுத்துவிட்டு வந்தோம்.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி, குழாய்க்குள் மாணவர்கள் இறங்கலாமா, அல்லது வெளியிலிருந்து நீளமான கம்பி விட்டு இழுப்பதுதான் சரியா?

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

உள்ளே யாரும் இறங்கக் கூடாது, எவ்வளவு அகலமாக இருந்தாலும். இரண்டு பக்கமும் நின்று கொக்கி வைத்த கம்பியால் இழுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிட்டு ஒன்றியப் பொறியாளரிடம் போட்டோவோடு மனு கொடுங்கள், தாத்தாவின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.