அயர் கூட் ஐரிஷ்காரர்தான்

கோட்டைமேடு: "1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்ற ஆங்கிலேயர் அயர் கூட்" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அயர்லாந்தில் லிமெரிக் பக்கம் பிறந்தவர் எப்படி ஆங்கிலேயர் ஆவார்?

பழையபேப்பர்: பிறந்தால் போதுமா? 1768இல் லெஸ்டருக்கு எம்.பி. 1774 முதல் 1780 வரை பூலுக்கு எம்.பி. ரெண்டும் இங்கிலாந்துத் தொகுதி. டப்ளினில் தனி நாடாளுமன்றம் இருந்த காலம் அது. ஐயா போய் உட்கார்ந்தது லண்டனில்.

தென்பெண்ணை: டப்ளினிலும் உறுப்பினராக இருந்தாரே. மேரிபரோ தொகுதி.

கோட்டைமேடு: அது அண்ணன் மகன்! அவர் பெயரும் அயர் கூட், அவரும் ஜெனரல். பிறந்ததே 1762இல். வந்தவாசிச் சண்டை நடந்தபோது பூமியிலேயே இல்லை. 1816இல் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டதும் அந்த மருமகப்பிள்ளைதான். சித்தப்பா தலையில் கட்டாதீர்கள்.

பழையபேப்பர்: அண்ணன் மகன் எப்படி ஐயா மருமகப்பிள்ளை? முறையே தெரியவில்லை, வரலாறு பேச வந்துவிட்டீர்கள்.

கோட்டைமேடு: சரி, அண்ணன் மகன். முறையைப் பிடித்துக்கொண்டு பேச்சை மாற்ற வேண்டாம். கூட் ஐரிஷ்காரர். 1779இல் தலைமைத் தளபதியாகக் கல்கத்தாவில் இருக்கிறார், அப்போதும் பூலுக்கு எம்.பி. இந்தப் பதவியை வைத்தா ஒருத்தருடைய ஊரை முடிவு செய்வது?

பரங்கிப்பேட்டையான்: எம்.பி. கதை எதற்கு? 1781 ஜூலை 1, எங்கள் ஊர்க் கடலோர மணல்மேட்டுப் பக்கம் ஹைதர் அலியின் பெரும்படையை நிறுத்தினாரே, அதைப் பேசுங்கள். அவரிடம் இருந்தது எண்ணாயிரம் பேர் அளவுதான்.

தென்பெண்ணை: அதற்கு முந்தின வருஷம் பொள்ளிலூரில் ஹைதரிடம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நொறுங்கியதையும் சொல்லுங்களேன். காஞ்சிபுரம் குளத்தில் பீரங்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

கோட்டைமேடு: ஓடியது இன்னொரு தளபதி, ஹெக்டர் மன்றோ. கூட் இல்லை. போன மாதமும் இதையேதான் மாற்றிச் சொன்னீர்கள், நான் மறக்கவில்லை.

பழையபேப்பர்: லாலியின் அப்பாவும் அயர்லாந்துதான், கால்வே பக்கம். அப்போ லாலியும் ஐரிஷ்காரரா?

கோட்டைமேடு: லாலி பிறந்தது பிரான்ஸில். 1766இல் அவர் தலையை வெட்டியதும் பிரான்ஸ்தான். கூட் பிறந்தது லிமெரிக் பக்கம். பிறந்த மண்தான் கணக்கு.

பழையபேப்பர்: புதைத்த மண்? 1783இல் சென்னையில் செத்தவரைக் கப்பலேற்றி ஹாம்ப்ஷயரில் ராக்பர்னுக்குக் கொண்டுபோனார்கள். லிமெரிக்குக்கு இல்லை.

பரங்கிப்பேட்டையான்: எங்கள் ஊர்ச் சண்டையை யாருமே பேச மாட்டீர்களா?

கோட்டைமேடு: பேசலாம். அதில் ஜெயித்ததும் ஐரிஷ்காரர்தான்.

பழையபேப்பர்: லெஸ்டர் எம்.பி.

கோட்டைமேடு: லிமெரிக்.