டீம் பிராஜெக்ட் பிபிடி: இன்னும் மனசுல நிக்கிற ஒரு ரிவியூ இருந்தா எழுதுங்க

கடைசிபெஞ்ச் ஈசிஇ

ஃபைனல் இயர், தேர்ட் ரிவியூ, வெளி காலேஜ்ல இருந்து மார்க் போட வர்ற எக்ஸ்டர்னல் வந்தாச்சு. நாலு பேர் பேட்ச். மண்ணோட ஈரம் பார்த்து மோட்டாரைப் போட்டு, விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்புற பிராஜெக்ட். இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருப்பீங்க, விளக்க வேண்டியதில்ல.

பிபிடி எங்க லீடர் செஞ்சது. அப்ஸ்ட்ராக்ட், எக்ஸிஸ்டிங் சிஸ்டம், ப்ரொபோஸ்டு சிஸ்டம், அதுக்கு முன்னாடி மத்தவங்க எழுதின பேப்பர்களைச் சொல்ற லிட்ரேச்சர் சர்வேக்கு மட்டும் வரிசையா ஸ்லைடு. பிளாக் டயக்ராம் வந்ததும் எக்ஸ்டர்னல் நிறுத்தச் சொன்னார். எழுந்து ஸ்கிரீன்கிட்ட போய், எஸ்எம்எஸ் அனுப்புற ஜிஎஸ்எம் மாட்யூலோட கட்டத்து மேல விரலை வெச்சார். "இது சிக்னல் தேடும்போது போர்டு ரீசெட் ஆகியிருக்குமே, என்ன பண்ணீங்க?"

ஆமா, ஆச்சு. அந்த மாட்யூல் கண நேரத்துக்கு 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், போர்டுக்கு வோல்டேஜ் இறங்கிடும். வாரக்கணக்குல எங்களை அலைய வெச்சது அதுதான். மல்டிமீட்டரோட உக்காந்து கண்டுபிடிச்சு, தனி சப்ளை கொடுத்து, மாட்யூலை ஒட்டியே பெரிய கெப்பாசிட்டர் போட்டது எங்க நாலாவது ஆள். அவன் தமிழ் மீடியம். அதனால ஸ்லைடு பேச அவனுக்குப் பங்கே தரல. லீடர் பட்டுனு, "கோடிங்ல சரி பண்ணிட்டோம் சார்"னு சொல்லி அடுத்த ஸ்லைடைத் தட்டினான். நாலாவது ஆள் கையில போர்டை வெச்சுக்கிட்டு, அந்த கெப்பாசிட்டரையே கட்டைவிரலால தடவிக்கிட்டு நின்னான்.

மார்க் வந்தப்போ நாலு பேர்ல அவனுக்குத்தான் கம்மி. ஒரே ஒரு ஸ்லைடு, அந்த கெப்பாசிட்டர் போட்டோவோட இருந்திருந்தா அவனே பேசியிருப்பான்.

வலிகாமம் பெடியன்

எங்கட கதை வேற மாதிரி. கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று அளந்த குழு வேலை. யாழ்ப்பாணத்தில ஏன் அளக்கிறம் எண்டு சொல்லத் தேவையில்லை. அடியில முழுக்கச் சுண்ணாம்புக்கல், தோட்டத்துக்குப் போடுற உரம் நேர கீழ இறங்கும். முடிவை கமக்காரர் கூட்டத்தில சொல்லப் போனனாங்கள். அட்டவணை முழுக்க பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சது. அங்க இருந்த கணினியில பாமினி இல்லை.

கிணத்துக்காரற்ற பெயர், குறிச்சி, எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்குது. இலக்கம் மட்டும் சரியா நிக்குது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போனதுக்குச் சிவப்பு அடிச்சிருந்தம், உலக சுகாதார நிறுவனம் கைக்குழந்தையளை நினைச்சுச் சொல்லுற எல்லை அது. திரை முழுக்கச் சிவப்பு. முன்வரிசையில இருந்த ஐயா ஒருத்தர் எழும்பி, "தம்பி, இதில என்ர கிணறு எது? வீட்டில கைக்குழந்தை இருக்கு" எண்டு கேட்டார். ஒருத்தராலயும் உடன சொல்ல ஏலாமப் போச்சு. கூட வந்த பிள்ளை, எந்தக் கிணத்தில தண்ணி எடுத்தது எண்டு எழுதின கொப்பியைத் தேடி எடுத்து வாசிக்கும் வரைக்கும் அவர் இருக்கேல்லை.

டெலிவரி மேனேஜர் இல்லை

முதல் பதிவு போட்டவருக்கு: ஸ்லைடு இல்லாததா பிரச்சனை? நீங்களும் அங்கதானே நின்னீங்க. வாயைத் திறந்து "சார், இது இவன் பண்ணது"ன்னு சொல்ல ஸ்லைடு எதுக்கு?

என் கதை ஐடி ஆபீஸ்ல. வேலை எந்த நிலையில இருக்குன்னு மாசாமாசம் கிளையன்ட்டுக்குக் காட்டுற ஸ்லைடுகள், ஸ்டேட்டஸ் டெக். பச்சைன்னா சரி, ஆம்பர்னா கவனம், சிவப்புன்னா சிக்கல். பழைய டேட்டாவைப் புது சிஸ்டத்துக்கு மாத்துற டேட்டா மைக்ரேஷன் வரிக்கு டெஸ்டிங் லீட் அம்மா சிவப்பு போட்டு அனுப்பினாங்க. மேல போகப் போக அது ஆம்பர் ஆச்சு. மீட்டிங்குல ஸ்கிரீன்ல வந்தப்போ பச்சை. டெஸ்டிங் லீட் அம்மா அதே ஆன்லைன் மீட்டிங்ல மியூட்ல இருந்தாங்க. சாட்ல எனக்கு மட்டும், "அந்தக் கலரை நான் போடலை"ன்னு ஒரு வரி வந்துச்சு. புது சிஸ்டம் ஓட ஆரம்பிச்ச கோ-லைவ் அன்னிக்கு விழுந்தது அதே மைக்ரேஷன்தான்.

கொலம்பியா விண்கலத்துக்கும் இதுதான் நடந்தது. 2003 ஜனவரியில கிளம்பும்போதே எரிபொருள் டாங்க்ல இருந்து கழண்ட நுரைத் துண்டு இடது இறக்கையில அடிச்சது. பொறியாளர்கள் போட்ட ஸ்லைடோட தலைப்பு தைரியம் சொன்னது. கடைசி வரியில, சின்ன எழுத்துல, அடிச்ச துண்டு 1920 கன அங்குலம், சோதனை செஞ்ச துண்டு 3 கன அங்குலம்னு இருந்தது. 640 மடங்கு! அந்தச் சோதனையை வெச்சு எதையும் சொல்ல முடியாதுங்கிறதுதான் தலைப்பா இருந்திருக்கணும். பிப்ரவரி 1 அன்னிக்குத் திரும்பி வரும்போது விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லாவோட சேர்த்து ஏழு பேர் இறந்தாங்க. விசாரணைக் குழு அறிக்கை அந்த ஸ்லைடையே எடுத்து வெச்சு விமர்சனம் பண்ணுச்சு.

ஓய்வு பெற்ற கைடு

என் அனுபவம் சின்னது. ஒரு மாணவி ரிசல்ட் ஸ்லைடுக்கு வருவதற்குள் நேரம் முடிந்து பெல் அடித்துவிட்டார்கள். நல்ல ரிசல்ட். யாரும் பார்க்கவில்லை. லேப்டாப்பை மூடாமல் அப்படியே திறந்தபடி தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அதனால் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். என்ன செய்தோம், என்ன கிடைத்தது என்பது இரண்டாவது ஸ்லைடிலேயே வந்துவிட வேண்டும். லிட்ரேச்சர் சர்வே ஒரு ஸ்லைடு போதும், மிச்சம் ரிப்போர்ட்டில் இருக்கிறது. தலைப்பில் 'ரிசல்ட்' என்று ஒற்றைச் சொல் போடாதீர்கள். 'தண்ணீர்ச் செலவு குறைந்தது' என்று முழு வாக்கியமாகப் போடுங்கள், கடைசி வரிசைக்கும் சேதி போய்ச் சேரும். கிராஃபில் அச்சுக்குப் பெயரும் அலகும் இல்லாவிட்டால் எக்ஸ்டர்னலின் முதல் கேள்வி அதுதான். பார் சார்ட்டைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் சின்ன வித்தியாசம் மலையாகத் தெரியும், அது பொய்.

பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்கள் வேண்டாம், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள். சேவ் ஆப்ஷனில் ஃபான்ட்டை ஃபைலுக்குள்ளேயே பதிக்கும் வசதி இருக்கிறது. கூடவே ஒரு பிடிஎஃப் பென்டிரைவில் இருக்கட்டும். லேசர் பாயின்டர் எல்இடி டிவியில் சரியாகத் தெரியாது, மவுஸை நம்புங்கள். பழைய ஸ்லைடுக்குத் திரும்ப, அதன் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் போதும், எல்லாவற்றையும் பின்னோக்கி ஓட்டத் தேவையில்லை. சிவப்பு, பச்சையை மட்டும் நம்பாதீர்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் ஹாலில் இருப்பார்கள். பக்கத்தில் சொல்லாகவும் எழுதுங்கள்.

வலிகாமம் பெடியன்

ஐயா, யூனிகோட் இப்ப எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னது எழுத்துருவைப் பற்றி இல்லை. எழுத்து வடிவா வந்திருந்தாலும் அந்த அட்டவணை அவருக்கு உதவியிராது. அது எங்கட விரிவுரையாளருக்குச் செய்த ஸ்லைட். ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு வரைபடம் போட்டு, கோயில், பள்ளிக்கூடம், கிணறு எண்டு காட்டியிருக்க வேணும்.

கடைசிபெஞ்ச் ஈசிஇ

மேனேஜர் இல்லாத அண்ணா, எக்ஸ்டர்னல் முன்னாடி லீடரை மறுத்துப் பேசினா நாலு பேர் மார்க்கும் சேர்ந்து போகும். அந்த மியூட்ல இருந்த அம்மா ஏன் பேசலைன்னு நீங்க கேக்கலையே. அவங்களுக்கும் இவனுக்கும் ஒரே நிலைமைதான். ஸ்லைடு யார் கையில இருக்கோ, வேலை அவங்க பேர்ல போகுது.

டெலிவரி மேனேஜர் இல்லை

நியாயம். அதை நான் யோசிக்கல. இப்போ எங்க டீம்ல ஒவ்வொரு வரியும் எழுதினவர் பேர் அந்த வரியிலயே இருக்கணும், கலரை மாத்தினா மாத்தினவர் பேரும் வரணும்னு கேட்டிருக்கேன். இன்னும் யாரும் சரின்னு சொல்லல. வேற எங்கயாவது இப்படி நடக்குதா? தெரிஞ்சவங்க எழுதுங்க.