அவசரம்: பூட்டிய டிஸ்க் தானாகத் திறக்கவில்லை, கம்ப்யூட்டரே மேலே வரவில்லை

பாம்பன்_ஐஸ் (ஜூன் 12, காலை 6.52)
வணக்கம். கணக்கு இருக்கிற டிஸ்க்கை லக்ஸ் (லினக்ஸில் டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் முறை) போட்டுப் பூட்டினேன். ஆன் பண்ணும்போது தானாகத் திறக்கட்டும் என்று கிரிப்ட்டேப் (எந்தப் பூட்டிய டிஸ்க்கை எப்படித் திறப்பது என்ற பட்டியல்), எஃப்எஸ்டேப் (எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் ஏற்றுவது என்ற பட்டியல்) இரண்டிலும் எழுதினேன். இப்போது கம்ப்யூட்டரே மேலே வரமாட்டேன் என்கிறது. வீடியோவில் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிகிறது, அப்புறம் விசைப்படகு எல்லாம் ஐஸ் ஏற்ற வரிசைகட்டி நிற்கும், அதற்குள் சரியாக வேண்டும். போனில் தமிழ்க் கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது, கமாண்டையும் தமிழிலேயே அடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம்_அக்கா (7.10)
தம்பி, எந்த லினக்ஸ்? பூட்டியது சிஸ்டம் இருக்கிற டிஸ்க்கா, தனி டிஸ்க்கா? திரையில் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

உப்பளத்தான் (7.14)
பாம்பன் என்றாலே உப்புக்காற்றுதான். நான் வாலிநோக்கம் பக்கம், எங்கள் ஆபீசில் ஆறு மாதத்துக்கு ஒரு கேபிள் பச்சை பூத்துப் போகும். முதலில் டிஸ்க் கேபிளைக் கழற்றி முனையைத் துடைத்து மாட்டு. பாதி கோளாறு அங்கேயே தீரும்.

மூத்தபெங்குவின் (7.31)
வீடியோ பார்த்து டிஸ்க்கைப் பூட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது? கையேட்டில் எல்லாம் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஏறும் சிறு கோப்புக் கட்டைப் புதுப்பிக்கும் கமாண்ட், ஓட்டினாயா? ஓட்டியிருக்க மாட்டாய். ஓட்டு, சரியாகிவிடும்.

பாம்பன்_ஐஸ் (8.05)
டெபியன் 12. சிஸ்டம் எஸ்எஸ்டியில் இருக்கிறது, அதைப் பூட்டவில்லை. கணக்கு டிஸ்க் தனி, யூஎஸ்பி பெட்டிக்குள் 1 டிபி. ஆன் செய்தால் ஒரு சிவப்புக் கோடு இங்கும் அங்கும் ஓடுகிறது, 1 நிமிடம் 30 நொடி எண்ணுகிறது, அப்புறம் எமர்ஜென்சி மோட். ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு போட்டால் உள்ளே விடுகிறது. அங்கிருந்து கையால் திறந்தால் டிஸ்க் ஒழுங்காகத் திறக்கிறது. கேபிளையும் துடைத்தேன், மாற்றம் இல்லை. அப்டேட் என்னவோ சொன்னீர்களே சார், அதையும் ஓட்டினேன், அதிலும் மாற்றம் இல்லை.

தொண்டிக்காரன் (8.20)
இதில் மண்டையை உடைக்காதே நண்பா. நான் என்றால் லக்ஸ்ஃபார்மேட் திரும்ப ஒருமுறை போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

மண்டபம்_அக்கா (8.22)
போடாதே! தம்பி, அதைப் போடவே போடாதே. லக்ஸ்ஃபார்மேட் போட்டால் தலைப்புப் பகுதி புதிதாக எழுதப்படும், பழைய சாவி அதோடு போய்விடும். உள்ளே இருக்கும் கணக்கை அப்புறம் யாராலும் மீட்க முடியாது, சரியான பாஸ்வேர்டு கையில் இருந்தாலும்கூட. வேறு எதைச் செய்யும் முன்பும் லக்ஸ்ஹெடர்பேக்கப் போட்டுத் தலைப்புப் பகுதியை நகலெடுத்து, அந்தக் கோப்பை வேறொரு இடத்தில் வை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். 90 நொடி எண்ணுகிறது என்றால் சிஸ்டம்டி (லினக்ஸை எழுப்பி ஓட்டும் நிரல்) கண்ணில் படாத ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். கிரிப்ட்டேப்பில் இரண்டாவது பத்தியில் எந்த யூயூஐடியை, அதாவது அடையாள எண்ணை, எழுதினாய்? பூட்டிய டிஸ்க்குக்கு இரண்டு எண் உண்டு. லக்ஸ் பூட்டிய பெட்டிக்கு ஒன்று (யூஎஸ்பி பெட்டியைச் சொல்லவில்லை), அந்தப் பெட்டியைத் திறந்தபிறகு உள்ளே தெரியும் ஈஎக்ஸ்டி4 கோப்பு அமைப்புக்கு ஒன்று. கிரிப்ட்டேப்புக்குப் பெட்டியின் எண்தான் வேண்டும். இந்த எண்களைக் காட்டும் பிஎல்கேஐடி கமாண்டை ஓட்டினால் கிரிப்டோ_லக்ஸ் என்று வகை காட்டும் வரி எதுவோ, அது. உள் எண்ணை எழுதியிருந்தால் திறக்காத வரை அந்த எண் கண்ணில் படாது, அந்த எண் கிடைக்காமல் திறக்காது. எஃப்எஸ்டேப்பில், திறந்த டிஸ்க்குக்குக் கிடைக்கும் /டெவ்/மேப்பர்/ என்று தொடங்கும் பெயரையே எழுதிவிடு, குழப்பம் இருக்காது.

மூத்தபெங்குவின், இது ரூட் டிஸ்க் (சிஸ்டம் இருக்கிற டிஸ்க்) இல்லை, டேட்டா டிஸ்க். ரூட் ஏறிய பிறகுதான் இதைத் திறப்பார்கள், இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மூத்தபெங்குவின் (8.40)
ஓட்டினால் தப்பில்லை என்றுதான் சொன்னேன்.

பாம்பன்_ஐஸ் (9.48)
அக்கா, உள் எண்ணைத்தான் எழுதியிருந்தேன். மாற்றினேன். 90 நொடி போய்விட்டது! ஆனால் இப்போது பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது. கையால் அடித்தால் திறக்கிறது. அதே பாஸ்வேர்டைத்தான் நேனோ எடிட்டரில் ஒரு கோப்பில் எழுதி, கிரிப்ட்டேப்பில் மூன்றாவது பத்தியில் அந்தக் கோப்பைக் காட்டியிருக்கிறேன். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை, மூன்று தடவை பார்த்தேன்.

கீழக்கரை_காக்கா (10.02)
எழுத்தில் தப்பில்லை தம்பி, எழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. நேனோ கோப்பைச் சேமிக்கும்போது கடைசியில் ஒரு புதுவரிக் குறி போட்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது. நீ கையால் அடிக்கும்போது என்டர் தட்டியதோடு பாஸ்வேர்டு முடிகிறது, என்டர் அதில் சேராது. சாவிக் கோப்பு என்று கொடுத்தால் கோப்பில் உள்ள அத்தனை பைட்டும் சாவிதான், அந்தப் புதுவரி உட்பட. டபிள்யூசி -சி போட்டு எண்ணிப் பார், ஒன்று கூடுதலாக வரும்.

பாம்பன்_ஐஸ் (10.09)
காக்கா, 12 வருகிறது! பாஸ்வேர்டு 11 எழுத்துதான்.

மூத்தபெங்குவின் (10.11)
பாஸ்வேர்டின் நீளத்தை ஊருக்கே அறிவித்துவிட்டாய். வாழ்த்துகள். மீதி 11 எழுத்தையும் இங்கேயே போட்டுவிடு.

கீழக்கரை_காக்கா (10.25)
அவனை விடுங்கள் சார். தம்பி, அந்தக் கோப்பைத் திருத்துவதைவிட அழித்துவிடு. யூரேண்டமிலிருந்து (லினக்ஸில் தற்செயல் பைட்டுகள் தருவது) டிடி கமாண்ட் போட்டு 4096 பைட்டுக்கு ஒரு சாவிக் கோப்பு செய், உரிமையாளர் ரூட், அனுமதி 400 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்). லக்ஸ்ஆட்கீ கொடுத்து அதை இரண்டாவது சாவியாகச் சேர். லக்ஸ்2 என்றால் 32 சாவி வரை இடம் உண்டு, பழைய லக்ஸ்1க்கு 8. பாஸ்வேர்டு முதல் இடத்தில் அப்படியே இருக்கட்டும், கோப்பு தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும். மறுபடி ஆன் செய்து பார்க்கும் முன் டெஸ்ட்-பாஸ்ஃப்ரேஸ் போட்டுக் கோப்பைச் சோதித்துவிடு, ஒவ்வொரு தடவையும் ரீபூட் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

மூத்தபெங்குவின் (10.40)
பூட்டாத எஸ்எஸ்டியில் சாவியை வைத்துப் பக்கத்திலேயே பூட்டிய டிஸ்க். கதவைப் பூட்டிச் சாவியை நிலைப்படியில் மாட்டுவது போல. இதற்குப் பூட்டாமலே இருக்கலாமே? செய்தால் டிபிஎம்மில் (கம்ப்யூட்டருக்குள் சாவியைக் காக்கும் சிப்) செய்ய வேண்டும். சிஸ்டம்டி 248இலிருந்து அதற்குக் கிரிப்ட்என்ரோல் என்ற கருவி இருக்கிறது, ஒரு வரி வேலை.

கீழக்கரை_காக்கா (10.58)
டிபிஎம்மும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தானே இருக்கிறது? திருடன் கம்ப்யூட்டரையும் டிஸ்க்கையும் சேர்த்துத் தூக்கிப் போனால், போன இடத்தில் ஆன் செய்தாலும் தானாகத் திறந்து லாகின் வரைக்கும் போகும். ரூட் பூட்டாமல் இருந்தால் அந்த லாகினையும் தாண்ட வழி உண்டு. யாரிடமிருந்து மறைக்கிறாய் என்று அவனை முதலில் கேளுங்கள், சாவியை எங்கே வைப்பது என்பதை அப்புறம் பேசலாம்.

தொண்டிக்காரன் (11.03)
பென் டிரைவில் சாவி. முதலாளி இடுப்பில் பென் டிரைவ். முடிந்தது.

மண்டபம்_அக்கா (11.15)
அதுவும் நடக்கும். கிரிப்ட்டேப்பில் சாவிக் கோப்பின் பாதைக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி போட்டு லேபிள்= என்று பென் டிரைவின் பெயரைக் கொடுக்கலாம், கீஃபைல்-டைம்அவுட் வைத்தால் டிரைவ் இல்லாதபோது பாஸ்வேர்டு கேட்கும். ஆனால் விடிகாலையில் கரண்ட் போய் வந்தால் முதலாளியைத்தான் எழுப்ப வேண்டும்.

பாம்பன்_ஐஸ் (11.50)
அதுதான் பிரச்சினையே. இங்கே இரவில் கரண்ட் போய்ப் போய் வரும். பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைத்திருக்கிறேன். அதிகாலை 3 மணிக்கு வேலைக்கு வரும் பையனுக்குப் பாஸ்வேர்டு தெரியாது, தெரியவும் கூடாது என்பது முதலாளி சொல். பூட்டியதற்குக் காரணம் கேட்டீர்கள். போன வருடம் பழைய டிஸ்க் ஒன்று பழுதாகி ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தோம். எந்தப் படகு எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் அங்கிருந்து கடற்கரை முழுக்கப் போய்விட்டது. ஒரு படகுக்காரர் முதலாளியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். திருடன் பயம் இல்லை, டிஸ்க் தனியாக வெளியே போகும் பயம்தான்.

கீழக்கரை_காக்கா (12.04)
அப்படியென்றால் எஸ்எஸ்டியில் சாவி இருப்பதில் தப்பே இல்லை. டிஸ்க் மட்டும் ரிப்பேருக்குப் போனால் வெறும் குப்பை பைட்டுகள்தான் தெரியும். ஒன்றே ஒன்று, அந்த எஸ்எஸ்டியையும் இந்த டிஸ்க்கையும் ஒரே கடைக்கு ஒரே நாளில் கொடுத்துவிடாதே.

மூத்தபெங்குவின் (12.20)
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதி இழை மிச்சம்.

தொண்டிக்காரன் (12.24)
நீங்கள் கேட்டிருந்தாலும் மிச்சம்தான் சார்.

மண்டபம்_அக்கா (12.47)
சண்டை போதும். தம்பி, இன்னும் ஒன்று பாக்கி. கிரிப்ட்டேப், எஃப்எஸ்டேப் இரண்டிலும் நோஃபெயில் சேர். யூஎஸ்பி பெட்டி ஒருநாள் கழன்றிருந்தாலும் கம்ப்யூட்டர் எமர்ஜென்சிக்குப் போகாமல் மேலே வரும். ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். டிஸ்க் திறக்காமல் கம்ப்யூட்டர் மட்டும் வந்துவிட்டால் அந்த ஃபோல்டர் காலியாக நிற்கும். கணக்கு மென்பொருள் அதிலேயே புதுக் கணக்கைத் தொடங்கி எழுத ஆரம்பித்துவிடும், அதுவும் பூட்டாத எஸ்எஸ்டியில். மறுநாள் டிஸ்க் ஏறியதும் நேற்றைய கணக்கு அதற்கடியில் மறைந்து போகும். டிஸ்க் ஏறாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்குச் சேட்டர் +ஐ போட்டுவிடு, யாராலும் உள்ளே எழுத முடியாது. மென்பொருள் எழுத முடியவில்லை என்று கத்தும், பையன் உனக்குப் போன் பண்ணுவான்.

உப்பளத்தான் (1.05)
யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அதையும் உப்புக்காற்று படாத இடத்தில் வை.

மூத்தபெங்குவின் (1.30)
யூபிஎஸ் பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று நினைக்கிறீர்கள்?

உப்பளத்தான் (1.33)
என்னுடையது இரண்டு மணி நேரம் வருகிறது.

மூத்தபெங்குவின் (1.34)
ஃபேனுமா?

பாம்பன்_ஐஸ் (ஜூன் 13, இரவு 9.16)
திறக்கிறது. மெயினை மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் தானாகத் திறந்தது. அக்கா சொன்ன சேட்டரும் போட்டாயிற்று, யூஎஸ்பியைப் பிடுங்கிச் சோதித்தேன், கத்தியது. ஹெடர் கோப்பு முதலாளி வீட்டுப் பீரோவில். அக்காவுக்கும் காக்காவுக்கும் ரொம்ப நன்றி. ஐஸ் ஏற்ற ஆள் வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

உப்பளத்தான் (9.40)
கேபிளைத் துடைத்தபோது பச்சை இருந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லிவிட்டுப் போ.